பழைய முறிவுத் தொலைகாட்டிகள்: சேகரிப்போரும் துணைக்கருவி தேடுவோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பழைய தொலைகாட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று கேட்போர் இப்போது பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்லடியில் வீட்டு வளவிலிருந்து நான் சொல்லிவந்த பதில்களையே இங்கு ஒழுங்குபடுத்தித் தருகிறேன். இவை கண்ணால் பார்த்து மகிழ்வதற்கான கருவிகளைப் பற்றியவை. படம்பிடித்தல் இங்கு பேசப்படவில்லை.

எவ்வகைக் கருவிகளைப் பழைய முறிவுத் தொலைகாட்டி என்று கொள்ள வேண்டும்?

முன்புறத்தில் வில்லையைக் கொண்டு ஒளியை முறித்துக் குவிக்கும் கருவியே முறிவுத் தொலைகாட்டி. எங்கள் பக்கம் தட்டுப்படுபவற்றை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். முதலாவது, 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளின் ஆங்கிலேயப் பித்தளைக் குழாய்கள். கிரவுன், பிளின்ட் என்னும் இருவகைக் கண்ணாடிகளை இணைத்து, உருவத்தின் விளிம்பில் நிறங்கள் கசியும் நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் இரட்டை வில்லைக்கு ஜோன் டொலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். செஸ்டர் மூர் ஹோல் அதனை அதற்கு முன்னரே செய்வித்திருந்தார். அந்த மரபில் வந்த கருவிகள் இவை. இரண்டாவது, 1950களிலிருந்து 1970கள் வரை ஜப்பானில் செய்யப்பட்டு யுனிட்ரோன், டாஸ்கோ, சியர்ஸ் முதலிய பெயர்களில் விற்கப்பட்ட வெள்ளைக் குழாய்கள். மூன்றாவது, கிழக்கு ஜேர்மனியின் கார்ல் சைஸ் யேனா நிறுவனம் செய்த டெலிமென்டர். அதன் வில்லை விட்டம் 63 மி.மீ., வில்லையிலிருந்து ஒளி குவியும் இடம் வரையுள்ள குவியத்தூரம் 840 மி.மீ.

வானத்தைப் பார்ப்பதே நோக்கமென்றால் இரண்டாம், மூன்றாம் கூட்டங்களிலேயே தேடுங்கள். பித்தளைக் குழாய்களிற் பெரும்பாலானவை கடலிலும் கரையிலும் பார்க்கச் செய்யப்பட்டவை. அவை அலுமாரிக்கு அழகு, சனிக்கு அவ்வளவு உகந்தவையல்ல.

புதிய கருவி எளிதாகக் கிடைக்கும்போது ஐம்பது ஆண்டுப் பழைய 60 மி.மீ. குழாயை ஏன் நாட வேண்டும்?

விடை குழாயின் நீளத்தில் இருக்கிறது. குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது குவிய விகிதம். இரட்டை வில்லையில் மிஞ்சும் ஊதாச் சாயல் கண்ணை உறுத்தாதிருக்க, விட்டத்தை அங்குலத்தில் எடுத்து மூன்றால் பெருக்கினால் வரும் எண்ணுக்குக் குவிய விகிதம் குறையக் கூடாது என்பது ஒரு பழைய அளவுகோல். கண்டிப்பானவர்கள் ஐந்தால் பெருக்குவார்கள். 60 மி.மீ. என்பது ஏறத்தாழ 2.4 அங்குலம், ஐந்தால் பெருக்கினாலும் 12 தான். யுனிட்ரோனின் 60 மி.மீ. கருவிக்குக் குவியத்தூரம் 900 மி.மீ. ஆகையால் அதன் விகிதம் 15; கண்டிப்பான அளவுகோலையும் அது தாண்டிவிடுகிறது. இன்று மலிவாக விற்கப்படும் 102 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட குட்டைக் குழாயின் விகிதம் 6க்கும் குறைவு. அதற்கு வேண்டியதோ 12. வியாழனைச் சுற்றி ஊதா நிறம் கசிவதற்கு இதுவே காரணம்.

நீண்ட குழாய்க்கு இன்னொரு நன்மையும் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் பின்புற வில்லைகளான பார்வைத்துண்டுகள் எளியவையாகவும் மலிவானவையாகவும் இருந்தாலும் அதனுடன் ஒழுங்காக வேலை செய்யும். ஆழ்வானத்து மங்கலான பொருட்களுக்கு 60 மி.மீ. போதாது என்பது உண்மை. நிலவு, கோள்கள், இரட்டை விண்மீன்கள் ஆகியவற்றுக்கு இந்தக் கருவிகளில் தெரியும் கூர்மையான உருவம் பலரை வியக்க வைக்கும்.

எங்கே தேடுவது?

மட்டக்களப்பு நகரில் இதற்கென்று கடை கிடையாது. கப்பலில் வேலை செய்தவர்களின் வீடுகள், பழம்பொருள் விற்போர், பாடசாலைகளின் கழிவுப் பொருள் ஏலம் ஆகிய இடங்களில் எப்போதாவது ஒன்று அகப்படும். போர்க்காலத்தில் இத்தகைய பொருளை வீட்டில் வைத்திருக்கவே அஞ்சியதால் பரணில் மூடி வைத்தவர்களையும், கைவிட்டவர்களையும் நான் அறிவேன். எனவே பரண்களையும் விசாரியுங்கள்.

கைகொடுக்கும் வழி உறவினர்களே. சுவிற்சர்லாந்திலும் ஜேர்மனியிலும் இருக்கும் நம்மவர்கள் அங்குள்ள பழைய பொருட் சந்தைகளை எட்டிப் பார்த்தால் டெலிமென்டரும், யுனிட்ரோன் கருவிகளுக்கு ஐரோப்பாவில் இட்ட பெயரான போலரெக்ஸும் கண்ணிற் படும். விடுமுறையில் வருபவரிடம் வில்லைக் கூட்டையும் பார்வைத்துண்டுகளையும் கைப்பொதியில் கொண்டுவரச் சொல்லுங்கள். குழாயையும் தாங்கியையும் துணி சுற்றிப் பெட்டியில் அனுப்பலாம். சுங்க விதிகளை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது.

“1917, லண்டன்” என்று பொறித்த பித்தளைத் தொலைகாட்டி என்னிடம் உள்ளது. பெறுமதியானதா?

அதில் “கெல்வின் அன்ட் ஹியூஸ்” என்ற பெயரும் இருந்தால், இல்லை. அந்த இரண்டு நிறுவனங்களும் முறையாக ஒன்றிணைந்தது 1947இல். ஆகவே 1917இல் அப்பெயரைப் பொறித்திருக்க முடியாது. அலங்காரத்துக்காக அண்மைக் காலத்தில் செய்து, வேண்டுமென்றே கறுக்க வைத்து விற்கப்படும் போலிகள் அவை. டொலண்ட், ரோஸ் ஆகிய பெயர்களிலும் இப்படி உண்டு. எழுத்து ஆழமின்றிக் கிறுக்கியது போலிருத்தல், திருகுமரை கரடுமுரடாயிருத்தல், முன்வில்லை ஒற்றைக் கண்ணாடியாயிருத்தல் ஆகியவை அடையாளங்கள். ஒரு மின்குமிழின் ஒளியை முன்வில்லையில் விழச்செய்து உற்றுப் பாருங்கள்: இடைவெளி விட்ட இரட்டை வில்லையானால் நான்கு தெறிப்புகள் தெரியும், ஒட்டிய இரட்டையானால் மூன்று, அவற்றில் ஒன்று மிக மங்கலாக, ஒற்றை வில்லையானால் இரண்டே.

வாங்கும் முன் எதைச் சோதிக்க வேண்டும்?

வில்லை நன்றாயிருந்தால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம். வில்லை கெட்டிருந்தால் மற்றவை எவ்வளவு பளபளத்தாலும் விட்டுவிடுங்கள். வில்லை வளையத்தைச் சுற்றி விட்டமும் குவியத்தூரமும் பொறிக்கப்பட்டிருக்கும். ஜப்பானியக் கருவிகளில் வட்டத்துக்குள் ஒரு “டி” எழுத்துப் போன்ற செய்தவர் முத்திரையும் இருக்கலாம். அது டோவா நிறுவனத்தைக் குறிக்கும். ஏற்றுமதிப் பரிசோதனையில் தேறியதைக் காட்டும் சிறு தங்க நிற ஒட்டி சிலவற்றில் இன்னும் உதிராமல் இருக்கிறது. சேகரிப்போர் அதனைப் பெரிதாக மதிப்பார்கள்; பார்ப்பதற்கு அதனால் பயனில்லை.

கைமின்விளக்கைக் குழாயின் பின்புறமிருந்து அடித்து முன்புறத்தில் சரிவாகப் பாருங்கள். தூசி பொருட்டல்ல. சிலந்தி வலை போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். விளிம்பிற் சிறு சில்லு பெயர்ந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள்; படத்தை அது கெடுக்காது. முடிந்தால் இரவில் ஒரு விண்மீனைப் பார்த்து, குவியத்துக்கு உள்ளும் புறமும் சிறிது நகர்த்துங்கள். இரு பக்கமும் ஒரே மையமுள்ள வட்ட வளையங்கள் தெரிய வேண்டும். நீள்வட்டமாகவோ முக்கோணமாகவோ தெரிந்தால் வில்லை நெரிக்கப்பட்டிருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது. பல வேளைகளில் பிடிவளையத்தை ஒரு நூலளவு தளர்த்துவதே மருந்து.

பெட்டியில் உருப்பெருக்கம் 450 மடங்கு, 600 மடங்கு என்று அச்சிட்டிருக்கிறதே?

அதனை மறந்துவிடுங்கள். விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் இரண்டு மடங்கு என்பதே உச்சம்; 60 மி.மீ. கருவிக்கு 120. கருவியுடன் வரும் 4 மி.மீ. பார்வைத்துண்டையும் உருப்பெருக்கத்தைக் கூட்டும் பிளாஸ்ரிக் பார்லோ வில்லையையும் தொடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கலாம்.

பழைய பார்வைத்துண்டுகளைப் பயன்படுத்துவதா, புதியன வாங்குவதா?

பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்று கேட்டால் முதலில் இங்கேதான் என்பேன். பழைய ஜப்பானியக் கருவிகளின் பார்வைத்துண்டுக் குழல் 24.5 மி.மீ. விட்டமுடையது, இன்றைய பொது அளவு 31.7 மி.மீ. பழையவற்றின் மீதுள்ள எழுத்து அதன் வகையைச் சொல்லும்: “எச்” அல்லது “எச்.எம்.” என்றால் ஹைகென்ஸ், “எஸ்.ஆர்.” என்றால் ரம்ஸ்டன், “கே” என்றால் கெல்னர், “ஓ.ஆர்.” என்றால் ஓர்த்தஸ்கோப்பிக். கெல்னரும் ஓர்த்தஸ்கோப்பிக்கும் கிடைத்தால் விடாதீர்கள். 6 மி.மீ. ஓர்த்தஸ்கோப்பிக்கின் துளையூடாக ஊசிமுனை வழியே பார்ப்பதுபோற் கண்ணை வைக்க வேண்டியிருந்தாலும், வியாழனின் பட்டைகள் அதிலே மிகத் தூய்மையாகத் தெரியும். 900 மி.மீ. குழாயில் அது 150 மடங்கு, அதாவது உச்சத்துக்கும் மேல். காற்று அசையாத இரவுகளுக்கு மட்டும் அதனை எடுங்கள். நாளாந்தப் பாவனைக்கு 25 மி.மீ. (36 மடங்கு), 12.5 மி.மீ. (72 மடங்கு), 9 மி.மீ. (100 மடங்கு) ஆகிய மூன்றும் போதும்.

புதிய 31.7 மி.மீ. துண்டுகளைப் பூட்ட இணைப்பு வளையம் வேண்டும். அதனால் வரும் ஆதாயம் வசதி மட்டுமல்ல. 24.5 மி.மீ. குழலூடாக 900 மி.மீ. குழாயில் ஏறத்தாழ ஒன்றேகால் பாகை வானமே தெரியும், 31.7 மி.மீ. குழலூடாகச் சுமார் 1.7 பாகை தெரியும். கார்த்திகைக் கூட்டம் நெருக்கமின்றி ஒரே பார்வையிற் கிட்டுவது இரண்டாவதில்தான். இணைப்பு வளையத்தை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க முடியாதவர்கள் அளவுகளைக் கடதாசியில் வரைந்து லேத் பட்டறையில் கொடுத்தால் அலுமினியத்தில் கடைந்து தருவார்கள். உட்புறத்தை மங்கற் கறுப்பு வர்ணம் பூசச் சொல்ல மறந்துவிடாதீர்கள். பளபளக்கும் உட்சுவர் நிலவின் ஒளியைச் சிதறடிக்கும்.

ஸ்டார் டயகனல் எனப்படும் செங்கோணத் திருப்பி அவசியமா?

ஒளியைச் செங்கோணத்தில் திருப்பி, பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்க்க வைப்பது அது. லண்டனில் வாழ்பவர் அதைப் பற்றி விவாதிக்கலாம். மட்டக்களப்பில் விவாதத்துக்கு இடமில்லை. நாங்கள் நில நடுக்கோட்டுக்கு வடக்கே 7.7 பாகையில் இருக்கிறோம். ஆகவே கோள்கள் செல்லும் பாதை ஏறக்குறைய எங்கள் தலைக்கு மேலாகவே போகிறது. வியாழனோ சனியோ எவ்வளவு தெற்கே சாய்ந்த காலத்திலும் உச்சிக்கு வரும்போது அடிவானிலிருந்து 58 பாகைக்குக் குறையாமல் நிற்கும். அதே கோள் லண்டனில் 15 பாகை அளவில்தான் தலைகாட்டும். தடித்த காற்றுப்படையூடாகப் பார்க்க வேண்டிய தேவை இல்லாததால் எங்கள் சனியும் வியாழனும் தெளிவானவை. கழுத்துக்குத்தான் கேடு. மீற்றர் நீளக் குழாயை உச்சிக்குத் திருப்பினால் அதன் பின்முனை தரையை நோக்கிப் போய்விடும். திருப்பி இல்லாவிட்டால் பாய் விரித்து மல்லாந்து படுக்க வேண்டும்.

பழைய கருவிகளுடன் வந்த திருப்பிகளில் உள்ள அரியம் பல வேளைகளில் இடம்பெயர்ந்திருக்கும். ஒரு பக்கம் 24.5 மி.மீ., மறுபக்கம் 31.7 மி.மீ. கொண்ட கலப்புத் திருப்பி கிடைத்தால் இணைப்பு வளையத்தின் செலவும் மிஞ்சும். அதுவே நான் எவருக்கும் முதலிற் பரிந்துரைக்கும் துணைக்கருவி.

என் கருவி துருவ அச்சுத் தாங்கியுடன் வந்தது. அதனை இங்கு நிறுத்தவே முடியவில்லை. என்ன பிழை?

உங்களிடத்திலும் கருவியிலும் பிழையில்லை. அந்தத் தாங்கி ஜப்பானின் 35 பாகை, ஐரோப்பாவின் 50 பாகை அகலக்கோடுகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டது. அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். எங்களுக்கு அந்த நட்சத்திரம் அடிவானிலிருந்து ஏழெட்டுப் பாகை உயரத்தில், தென்னை வட்டுக்குள் ஒளிந்திருக்கும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் அது ஏறத்தாழக் கிடையாகிவிடும். எதிர்நிறைக் கம்பி முக்காலியின் காலில் முட்டும். முழுப் பாரமும் வடக்குப் பக்கம் சாயும். இரவில் ஒருமுறை சரிந்து விழுந்தால் ஐம்பது ஆண்டுக் கண்ணாடிக்கு அதுவே முடிவு.

முக்காலியின் ஒரு காலை நேர் வடக்கே வையுங்கள். தாங்கிக்கும் முக்காலிக்கும் இடையே ஓர் அடி உயரத் தூண் ஒன்றை ஓடாவியாரைக் கொண்டு செய்வித்துப் பூட்டினால் எதிர்நிறை காலில் முட்டாது, பார்வைத்துண்டும் உயரும். வடக்கைத் திசைகாட்டியால் பிடித்தாலே கண்ணாற் பார்ப்பதற்குப் போதும். ஆனால் எனது உண்மையான கருத்து வேறு: மேல்கீழாகவும் இடம்வலமாகவும் அசையும் எளிய தாங்கியொன்றை வாங்கிப் பூட்டுங்கள், துருவத் தாங்கியை எண்ணெய் தடவி அப்படியே பெட்டியில் வையுங்கள்.

பூஞ்சணம் வராமல் எப்படிக் காப்பது?

கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழும் எங்களுக்கு இதுவே பெரிய பகை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் மாதங்களில் கருவி வெளியே வராது, மூடிய பெட்டிக்குள் ஈரம் தங்கும், பூஞ்சணம் வளரும், அது சுரக்கும் அமிலம் வில்லையின் மேற்பூச்சை அரித்துவிடும். அரித்த தழும்பு துடைத்தாற் போகாது. ஆகவே வருமுன் காக்க வேண்டும்.

அழகான மரப்பெட்டியும் உள்ளே ஒட்டிய கம்பளித் துணியும் தோல் மூடியும் ஈரத்தைக் குடித்து வைத்திருப்பவை. பெட்டியை அலுமாரியில் தனியே வையுங்கள். வில்லைக் கூட்டையும் பார்வைத்துண்டுகளையும் இறுக மூடும் பிளாஸ்ரிக் பேழையில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி இடுங்கள். உப்புப் போத்தலில் வறுத்த அரிசி போடுவதுபோல இதற்கும் போடலாமா என்று ஓர் அம்மா கேட்டார். ஈரத்தை அது உறிஞ்சும், ஆனால் மாத்தூள் கண்ணாடியிற் படிந்து பூஞ்சணத்துக்கே உணவாகிவிடும்.

பார்த்து முடித்ததும் பனி படிந்த வில்லையை உடனே மூடாதீர்கள். வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றில் தானாக உலர விட்டபின் மூடுங்கள். பனி படிவதைக் குறைக்க, முன்புற மூடுகுழாய் வில்லை விட்டத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும், தொலைந்திருந்தால் பீ.வீ.சீ. குழாய்த்துண்டு ஒன்று போதும்.

இரட்டை வில்லையை நானே கழற்றித் துடைக்கலாமா?

துடைக்காமல் இருக்க முடியுமானால் துடைக்காதீர்கள். பூஞ்சணம் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே இருந்தால் வேறு வழியில்லை. கழற்றும் முன், இரண்டு கண்ணாடிகளின் விளிம்பையும் தொடும்படி பென்சிலால் ஒரு சாய்கோடு கீறுங்கள். மறுபடி சேர்க்கும்போது எந்தப் பக்கம், எந்தத் திருப்பம் என்பதை அந்தக் கோடு சொல்லும். நடுவே 120 பாகை இடைவெளியில் மூன்று சிறு ஈயத்தாள் துண்டுகள் இருக்கும், அவற்றைத் தொலைக்காதீர்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், பின் ஐசோபுரோப்பைல் மதுசாரம், புதிய பஞ்சு; அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும்.

கோடு கீறாமல் நான் பட்ட பாடு இது: என் முதற் கருவியின் பிளின்ட் வில்லையைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, கண்ணாடி கெட்டுவிட்டதென்று இரண்டு மாதம் வருந்தினேன். நிலவு நீர்த்துப்போன பால் போலத் தெரிந்தது. ஒரு மாலையில் திருப்பிப் போட்டதும் பள்ளங்களின் விளிம்புகள் கத்தியாற் செதுக்கியதுபோல் நின்றன.

ஒட்டிய வில்லைகளை எக்காரணம் கொண்டும் பிரிக்க முயலாதீர்கள்.

குவியச் சக்கரம் இறுகிவிட்டது, முக்காலியைக் கறையான் தொட்டுவிட்டது.

பற்சட்டத்தில் உறைந்த பழைய கிறீசை மண்ணெண்ணெயால் கழுவி, உலர்த்தி, லித்தியம் கிறீஸ் சிறிதளவு பூசுங்கள்; வில்லைக் கூட்டை அதற்கு முன் அகற்றிவிடுங்கள். அரித்த காலுக்குப் பதிலாகத் தேக்கில் அதே அளவிற் செய்விக்கலாம். பித்தளைத் திருகுகளை மினுக்க வேண்டாம்.

கருவியுடன் “சூரியன்” என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி வந்தது. பயன்படுத்தலாமா?

கூடாது. பார்வைத்துண்டிற் பூட்டும் அந்தச் சிறு கண்ணாடி, வில்லை முழுவதாலும் குவிக்கப்பட்ட வெப்பம் விழும் இடத்தில் இருக்கிறது. சூடேறி அது வெடித்தால் கண்ணை இழுப்பதற்குள் பார்வை போய்விடும். சேகரிப்பின் முழுமைக்காக வைத்திருக்க விரும்பினாலும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வையுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். சேகரிப்போர் சிலர் கோபித்தார்கள். சூரியனைப் பார்க்க விரும்பினால் குழாயின் முன்புறத்தை முழுவதும் மூடும், அதற்கென்றே செய்த வடிகட்டி வேண்டும். குறிபார்க்கக் குழாயின் மேல் பூட்டிய சிறு தேடு தொலைகாட்டியையும் மூட வேண்டும். 2019 டிசெம்பர் 26இல் எங்கள் பக்கம் பகுதிக் கிரகணம் தெரிந்தபோது பிள்ளைகளுக்கு வெள்ளைக் கடதாசியில் உருவத்தை விழுத்திக் காட்டினேன். அதற்கு மட்டும் பழைய ஹைகென்ஸ் துண்டு உகந்தது, அதிலே வெப்பத்தில் உருகும் ஒட்டு இல்லை. அப்போதும் குழாயருகே பெரியவர் ஒருவர் நின்று காவல் காக்க வேண்டும்.

எங்கே, எப்போது பார்ப்பது நல்லது?

பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை. ஓரியன் நெபுலா மழை மாதங்களில் ஏறிவருவதால் எங்களுக்கு அது பெப்ரவரி, மார்ச் மாதத்துப் பொருள். மே மாத முன்னிரவில் தென்சிலுவை தெற்கே தன் உயர்ந்த நிலைக்கு வரும். அதன் அடி விண்மீனான அக்ரக்ஸ் 60 மி.மீ. கருவியிலே இரண்டாகப் பிரிவது வடநாட்டார் பலர் காணாத காட்சி. அதனைத் தொடர்ந்து அல்ஃபா சென்டோரியும் பிரியும். ஒமேகா சென்டோரி விண்மீன் கொத்து 35 பாகை உயரத்தில் மங்கிய பஞ்சு போல நிற்கும்.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் கிழக்குத் திசை கடலாகையால் இருண்டது. மேற்கே நகர வெளிச்சம். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வானம் எல்லாப் பக்கமும் இருண்டது, ஆனால் வயல் வெளிகளில் யானை வரும். ஊர்க்காரர் துணையின்றிப் போகாதீர்கள். முகாம்களின் பக்கம் குழாயைத் திருப்பாதீர்கள்; புதிய இடமானால் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நீண்ட குழாய் பாய்மரம் போல ஆடும். வீட்டின் கிழக்குச் சுவரோரம் ஒதுங்கியோ, காற்று அடங்கும் பின்னிரவிலோ பாருங்கள்.

புதிய துணைக்கருவிகளைப் பூட்டினால் பழைமை கெடாதா?

துளையிடாமலும் வெட்டாமலும் மீண்டும் கழற்றக்கூடியதாகப் பூட்டினால் கெடாது. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், உடைந்த திருகு உட்பட, பெயரெழுதிய உறையில் இட்டு மூலப் பெட்டியிலேயே வையுங்கள். எந்த ஆண்டு, யாரிடமிருந்து, எந்த நிலையில் கிடைத்தது, எதை மாற்றினீர்கள் என்று ஒரு கடதாசியில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை எங்கள் ஈரத்தில் ஊறிப் பரவிவிடும்.